கிலோமீட்டரை எண்ணினது போதும், இட்லியை எண்ணுங்க

போடிமெட்டு ஏற ஒரு ஆளுக்கு எத்தனை இட்லி வேணும்?

விளையாட்டுக்குக் கேக்கல. முதல் வருஷ ஃபிசிக்ஸை வெச்சே கணக்குப் போட்டுடலாம். முந்தல்ல இருந்து போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவு, ஏறத்தாழ 1000 மீட்டர் உயரம். உங்க எடை 60 கிலோ, சைக்கிள் 12 கிலோன்னு வெச்சுக்குவோம். மொத்தம் 72. நிறை, ஈர்ப்பு, உயரம் மூணையும் பெருக்கினா 700 கிலோஜூலுக்குக் கொஞ்சம் மேல வரும். ஆனா மனுஷ உடம்பு அப்படி ஒண்ணும் நல்ல இன்ஜின் இல்ல. எரிக்கிறதுல நாலுல ஒரு பங்குதான் பெடலுக்குப் போகுது, மிச்சம் எல்லாம் சூடு. அதையும் சேர்த்தா கிட்டத்தட்ட 700 கிலோகலோரி. ஒரு நடுத்தர இட்லி 50, 60 கலோரி. ஆக 12ல இருந்து 14 இட்லி. இது புவியீர்ப்புக்கு மட்டும். டயர் உராய்வு, எதிர்காத்து, போடி வரைக்கும் மிதிச்சது எதுவும் இதுல சேரல.

இப்ப ரெண்டாவது கேள்வி. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை லாங் ரைடுக்கு நம்ம க்ளப் ஆளுங்க கிளம்பும்போது வயித்துல எத்தனை இட்லி இருக்கு? பூஜ்யம். "வெறும் வயித்துல போனாதான் ப்ரோ ஃபேட் பர்ன் ஆகும்." ராத்திரி ஒரு மணி வரைக்கும் அசைன்மென்ட், நாலு மணிக்கு அலாரம், ஒரு பாட்டில் தண்ணி, அவ்வளவுதான். கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம், போடி, முந்தல், போடிமெட்டுன்னு போய்த் திரும்பினா 100 கிலோமீட்டருக்கு முன்னபின்ன. சாயங்காலம் ஸ்ட்ராவா ஸ்க்ரீன்ஷாட். மாசக் கடைசியில வாட்ஸ்அப் க்ரூப்ல லீடர்போர்டு: யார் எத்தனை கிலோமீட்டர்.

நான் சொல்ல வந்தது ஒண்ணே ஒண்ணுதான். அந்த லீடர்போர்டை எடுத்துடணும். அது தப்பான விஷயத்தை எண்ணுது. தூரம் மிதிக்கிறவங்களுக்குச் சாப்பாடும் தூக்கமும் ட்ரெய்னிங்குக்கு அப்புறம் வர்ற விஷயம் இல்ல, ட்ரெய்னிங்கே அதுதான். கிலோமீட்டரை மட்டும் எண்ணுற க்ளப், பட்டினியையும் தூக்கமில்லாத ராத்திரியையும் சேர்த்தே பாராட்டுது.

கான்கிரீட் தெரிஞ்சா இது புரியும்

சிவில் பசங்களுக்கு இதை விளக்கவே வேணாம். கான்கிரீட் கொட்டின அன்னைக்கு அது பலமா இருக்காது. சாக்கு போட்டு, தண்ணி ஊத்தி, ஈரம் காயாம பாத்துக்கிட்டாதான் நாளாக நாளாக இறுகும். டெஸ்ட் பண்ற பலமே 28 நாள் பலம். கொட்டினதும் மேல லாரி விட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.

உடம்பும் அப்படித்தான். மிதிக்கிற நேரத்துல யாரும் பலமாகுறதில்ல. மிதிக்கும்போது தசை சிதையுது, சேர்த்து வெச்ச எரிபொருள் காலியாகுது. அதுக்கப்புறம் கிடைக்கிற சாப்பாட்டையும் தூக்கத்தையும் வெச்சுத்தான் உடம்பு முன்னைவிடக் கொஞ்சம் பலமா தன்னைக் கட்டிக்குது. மைட்டோகாண்ட்ரியா கூடுறது, ரத்த நுண்குழாய்கள் பெருகுறது எல்லாம் ஓய்வு நேரத்துலதான். ரைடு என்பது கான்கிரீட் கொட்டுறது. மெஸ்ஸும் கட்டிலும்தான் க்யூரிங். நம்ம லீடர்போர்டு எத்தனை லோடு கொட்டினோம்னு மட்டும் எண்ணுது.

டேங்க் எவ்வளவு?

'மாவுச்சத்து'ன்னு அழகா எழுதலாம். ஆனா நம்ம யாரும் அப்படிப் பேசுறதில்லை, அதனால கார்ப்னே எழுதுறேன்.

கார்ப் உடம்புல கிளைகோஜனா சேருது. தசையில சுமார் 400, 500 கிராம், கல்லீரல்ல 100 கிராம் அளவுக்கு. மொத்தமா 2000 கலோரி பக்கம். கொழுப்பு இதைவிடப் பல மடங்கு இருக்கு, ஒல்லியா இருக்கிறவங்ககிட்டயும். ஆனா கொழுப்பு மெதுவாத்தான் எரியும். ஏத்தத்துல மூச்சு வாங்க மிதிக்கும்போது உடம்பு கார்பைத்தான் கேக்கும்.

ராத்திரி நாம தூங்கும்போது மூளைக்குச் சர்க்கரை கொடுக்கிறது கல்லீரல். விடியும்போது அந்த 100 கிராம்ல பெரும்பகுதி தீர்ந்திருக்கும். அந்த நிலையில வெறும் வயித்தோட கிளம்பி, போடி தாண்டி, ஏத்தத்துல ஏறும்போது ரத்தத்துல சர்க்கரை இறங்கும். கை நடுங்கும், கண்ணு இருட்டும், காரணமே இல்லாம எரிச்சல் வரும். சைக்கிள்காரங்க இதை 'பாங்க்'னு சொல்றாங்க.

ஏத்தத்துல பாங்க் ஆனா பிரச்சினை சின்னது. இறங்கி உக்காந்துடலாம். இறக்கத்துல வந்தா? மலையில ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏத்திக்கிட்டு காலையில போற ஜீப்புகளை நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. வளைவுல அது எந்த வேகத்துல வரும்னும் தெரியும். அந்த நேரத்துல ப்ரேக் எப்ப பிடிக்கணும், எந்தப் பக்கம் ஒதுங்கணும்னு முடிவு பண்ண வேண்டிய மூளைக்கு எரிபொருள் இல்லைன்னா, அதை ஃபேட் பர்ன்னு சொல்லிக்க முடியாது.

வெறும் வயித்துல மிதிக்கவே கூடாதுன்னு சொல்லல. பண்ணைப்புரம் வரைக்கும் மெதுவா போய் முக்கால் மணி நேரத்துல திரும்பி வர்றதுக்கு ஒரு டீ போதும். நூறு கிலோமீட்டரும் ஒரு மலையும் வேற கணக்கு.

ஜெல்லா, கடலைமிட்டாயா?

ஒண்ணு, ஒண்ணேகால் மணி நேர ரைடுக்கு வழியில சாப்பாடு தேவையில்லை. அதுக்கு மேல போனா மணிக்கு 30ல இருந்து 60 கிராம் கார்ப் உள்ள போகணும். இரண்டரை மணி நேரத்தைத் தாண்டினா, பழக்கப்பட்ட வயிறு 90 கிராம் வரைக்கும் தாங்கும்.

ஏன் 60, ஏன் 90? குடல்ல குளுக்கோஸை உள்ள இழுக்கிற வாசல் ஒண்ணு இருக்கு. அது மணிக்கு 60 கிராம் பக்கம் நிரம்பிடும். ஃப்ரக்டோஸுக்குத் தனி வாசல். ரெண்டையும் கலந்து அனுப்பினா ரெண்டு வாசலும் வேலை செய்யும். வெளிநாட்டு ஜெல் பாக்கெட்டுல 'டூயல் சோர்ஸ்'னு பெருசா போட்டு விக்கிறது இந்த விஷயத்தைத்தான்.

இப்ப நம்ம வீட்டுச் சர்க்கரையைப் பாருங்க. சுக்ரோஸ். பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். வெல்லமும் கருப்பட்டியும் பெரும்பாலும் அதே சுக்ரோஸ்தான். வாழைப்பழத்துலயும் ரெண்டும் இருக்கு. ஒரு நடுத்தரப் பழத்துல 25 கிராம் கார்ப். நூறு ரூபாய்க்கு மேல கொடுத்து வாங்குற ஒரு ஜெல்லுலயும் ஏறத்தாழ அவ்வளவுதான். வாழைத் தோட்டத்துக்கு நடுவுல குடியிருந்துக்கிட்டு, பழத்துல இருக்கிறதை ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி கூரியருக்குக் காத்திருக்கிறோம்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு கிடைச்சது. அதுவும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும்தான். ஆனா ரைடுக்கு நடுவுல அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கொட்டை துப்பிக்கிட்டே வளைவு திரும்ப முடியாது, பையில போட்டா ஜூஸ் ஆயிடும். வீட்டுக்கு வந்து சாப்பிடுங்க. கடலைமிட்டாயும் அப்படித்தான், எல்லாரும் சொல்ற அளவுக்கு ஏத்தத்துக்கு ஆகாது. கடலையில கொழுப்பு அதிகம், செரிக்க நேரமாகும். சமதளத்துல, மெதுவா போகும்போது நல்ல தீனி. ஏறுறதுக்கு முன்னாடி வாழைப்பழம், இல்லைன்னா ஒரு துண்டு கருப்பட்டி.

கிளம்புறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி நாலு இட்லி சாப்பிட முடிஞ்சா நல்லது. நாலு மணிக்கு எந்த மெஸ்ஸும் திறக்காது, தெரியும். ராத்திரியே ரெண்டு பழமும் நாலு ஸ்லைஸ் பிரெட்டும் வாங்கி வெச்சுக்கலாம். கிளம்புற நேரத்துல அதைச் சாப்பிட்டுட்டு, முதல் அரை மணி நேரம் மெதுவா மிதிங்க.

ஒரு எச்சரிக்கை. வயித்துக்கும் ட்ரெய்னிங் வேணும். இதுவரைக்கும் எதுவுமே சாப்பிடாம ஓட்டினவங்க அடுத்த ஞாயிறே 60 கிராம் தள்ளினா தேவாரம் தாண்டுறதுக்குள்ள வாந்தி வரும். 30ல ஆரம்பிச்சு வாரா வாரம் கூட்டுங்க. பெரிய ரைடு அன்னைக்குப் புதுசா எதையும் சாப்பிடாதீங்க.

தண்ணியிலயும் கணக்கு இருக்கு

"நிறைய தண்ணி குடி" என்பது பாதி அறிவுரைதான். வியர்வையில உப்பு போகுது. உப்பில்லாம வெறும் தண்ணியை லிட்டர் லிட்டரா குடிச்சா ரத்தத்துல சோடியம் நீர்த்துப் போகும். தலைவலி, குமட்டல், குழப்பம், மோசமானா வலிப்பு. 2002 பாஸ்டன் மாரத்தான்ல 488 பேரோட ரத்தத்தைப் பரிசோதிச்சப்ப 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைஞ்சிருந்தது. ஓடும்போதே எடை கூடினவங்க, அதாவது தேவைக்கு மேல குடிச்சவங்க, அதுல அதிகம்.

உங்களுக்கு எவ்வளவு தேவைன்னு கண்டுபிடிக்க லேப் வேணாம், எடை மெஷின் போதும். ஒரு மணி நேர ரைடுக்கு முன்னாடியும் பின்னாடியும் எடை பாருங்க. அரை கிலோ குறைஞ்சா அரை லிட்டர் வியர்வை. நடுவுல குடிச்சதையும் கூட்டிக்கங்க. ஏப்ரல்ல ஒரு தடவை, டிசம்பர்ல ஒரு தடவை பார்த்தா உங்க சொந்த டேட்டா ரெடி.

பாட்டில்ல கலக்க: ஒரு லிட்டர் தண்ணி, 40 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சை. கால் டீஸ்பூன் உப்புல 600 மில்லிகிராம் பக்கம் சோடியம் வரும். ரெண்டு ரூபாய் விஷயம்.

கடையில 'ஓ.ஆர்.எஸ்.'னு பேர் போட்டு விக்கிற இனிப்பு டப்பாக்களைப் பத்தியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனத்தோட ஓ.ஆர்.எஸ்.ல லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம். அது வயித்துப்போக்குக்கான மருந்து. அந்த அளவுக்குப் பொருந்தாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பேரையே போடக்கூடாதுன்னு 2025 அக்டோபர்ல இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டுச்சு. லேபிளைப் படிங்க. அசெம்பிளி லாங்க்வேஜ் படிக்கிற நமக்கு இது ஒண்ணும் கஷ்டமில்லை.

கடைசியா ஒண்ணு. கடுமையான ரைடுக்கு அப்புறம் சிறுநீர் டீ டிகாஷன் நிறத்துல போனா, தண்ணி குடிச்சா சரியாயிடும்னு படுக்கக் கூடாது. தசை சிதைஞ்சு சிறுநீரகத்தைப் பாதிக்கிற நிலையா இருக்கலாம். நேரா ஆஸ்பத்திரி.

ரெக்கவரின்னா முதல்ல தூக்கம்

ஃபோம் ரோலர், கம்ப்ரஷன் சாக்ஸ், ஐஸ் பாத். இதெல்லாம் தேடுற நேரத்துக்குத் தூங்கலாம். 2011ல ஸ்டான்ஃபோர்டுல வெளியான ஒரு ஆய்வுல காலேஜ் பாஸ்கெட்பால் வீரர்களை சில வாரம் தினமும் பத்து மணி நேரம் படுக்கையில இருக்கச் சொன்னாங்க. ஓட்ட வேகம் கூடுச்சு, ஃப்ரீ த்ரோ 9 சதவீதம் மேம்பட்டுச்சு. புது ஷூ இல்லை, புது கோச் இல்லை. தூங்கினாங்க, அவ்வளவுதான்.

நம்ம ஹாஸ்டல்ல தூங்காம இருக்கிறது ஒரு பெருமை. "ரெண்டு மணி நேரம்தான்டா தூங்கினேன், இருந்தாலும் நூறு அடிச்சேன்." லீடர்போர்டு இந்த வாக்கியத்துக்குப் பரிசு கொடுக்குது. தூங்காம ஓட்டினவரும் தூங்கி ஓட்டினவரும் அதுல ஒரே நூறுதான்.

தூக்கத்துக்கு அடுத்தது சாப்பாடு. ரைடு முடிஞ்சதும் ஒரு மணி நேரத்துக்குள்ள கார்பும் புரோட்டீனும் சேர்ந்த ஏதாவது. சாதாரண ஆளுக்கு ஒரு நாளைக்கு எடையில கிலோவுக்கு 0.83 கிராம் புரோட்டீன் போதும்னு ஐ.சி.எம்.ஆர். சொல்லுது. தூரம் ஓட்டுறவங்களுக்கு 1.2ல இருந்து மேல தேவை. 60 கிலோ ஆளுக்கு 80 கிராம்னு வெச்சுக்குங்க. மூணு முட்டை 18. ஒரு கப் கொண்டைக்கடலை சுண்டல் 14. ரெண்டு டம்ளர் பால் 13. ஒரு கப் தயிர் 6. நாள் முழுக்க இட்லி, சாம்பார், சாதம், பருப்பு, சப்பாத்தியில இருந்து 25, 30. டப்பா வாங்காமலே வந்துடுச்சு. டப்பா தப்பில்லை, பாலைத் தூளாக்கின மாதிரிதான் அது. ஆனா காலை மெஸ்ஸைத் தவறவிட்டுட்டு மூவாயிரம் ரூபாய் டப்பாவுல அதை ஈடுகட்ட நினைக்கிறது, கிளாஸ் பங்க் பண்ணிட்டு அதே பாடத்துக்கு டியூஷன் போற மாதிரி.

அமெரிக்காவைக் குறுக்கே கடக்கிற ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா, சுமார் 4,800 கிலோமீட்டர். 2015ல ரெண்டு பேர் அணியா அதை முடிச்ச இந்தியர்கள் நாசிக்கைச் சேர்ந்த மகாஜன் சகோதரர்கள். 2017ல தனியா முடிச்சவங்க ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத்தும் அமித் சமர்த்தும். நாலு பேருமே டாக்டர்கள். டாக்டரா இருந்தாதான் முடியும்னு இல்லை. ஆனா உடம்பு எதுல ஓடுதுன்னு தெரிஞ்சவங்க அதைச் செஞ்சு காட்டினாங்க என்பதை நான் தற்செயலா எடுத்துக்கல.

இதைப் பசங்களும் படிக்கணும்

க்ளப்ல ஒரு ஜூனியர் இருக்காங்க. அவங்க அனுமதியோட எழுதுறேன், பேர் வேணாம்னு சொன்னாங்க. தொடர்ந்து மூணு மாசம் லீடர்போர்டுல முதல் அஞ்சுக்குள்ள இருந்தாங்க. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தாங்க, எடை குறைஞ்சா மலை ஏறுறது ஈஸின்னு யாரோ சொன்னதால. நாலு மாசம் பீரியட்ஸ் வரல. ஃபிட் ஆனா அப்படித்தான் ஆகும்னு நெனச்சிருக்காங்க. காலெலும்புல வலி வந்து டாக்டர்கிட்ட போனப்பதான் விஷயம் தெரிஞ்சது. இப்ப ரெண்டு மாசமா சைக்கிளைத் தொடல.

இதுக்கு ஒரு பேர் இருக்கு: ரெட்-எஸ். செலவுக்கு ஏத்த சக்தி உள்ள போகலைன்னா உடம்பு சிக்கனம் பிடிக்க ஆரம்பிக்கும். முதல்ல இனப்பெருக்க ஹார்மோன், அப்புறம் எலும்பு, நோய் எதிர்ப்பு, மனநிலைன்னு ஒவ்வொண்ணா லைட்டை அணைக்கும். 2014ல சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இந்தப் பேரை வெச்சப்பவே, இது ஆண்களுக்கும் வரும்னு சேர்த்துச் சொன்னாங்க. பசங்களுக்கு பீரியட்ஸ் மாதிரி வெளிப்படையான எச்சரிக்கை மணி இல்லை, அதனால இன்னும் தாமதமாத்தான் தெரியும்.

இன்னொரு எண். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசுப் பெண்கள்ல 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் குறைவா இருந்தா எவ்வளவு ட்ரெய்னிங் பண்ணாலும் தசைக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. மூச்சு வாங்குதுன்னா உடனே "இன்னும் மிதி"ன்னு சொல்றதுக்கு முன்னாடி அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரு ரத்தப் பரிசோதனை. சாப்பாட்டோட சேர்த்து டீ குடிக்காதீங்க, அது இரும்புச்சத்து உடம்புல சேர்றதைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிங்க.

"எங்க தாத்தா ஜெல்லா சாப்பிட்டாரு?"

இதை எழுதப்போறேன்னு சொன்னதும் வந்த முதல் பதில் இது. நியாயமான கேள்விதான்.

எங்க ஊர்ல இன்னைக்கும் தோட்டத்துக்குச் சைக்கிள்ல போறவங்க இருக்காங்க. ஹேண்டில்பார்ல தூக்குவாளி தொங்கும். உள்ள கம்மங்கூழோ நீச்சத்தண்ணியோ, உப்பு போட்டு, கூட ரெண்டு வெங்காயம். தண்ணி, உப்பு, கார்ப் மூணும் அதுலயே இருக்கு. அவங்க போற வேகத்தைக் கவனிச்சிருக்கீங்களா? பக்கத்துல வர்றவர்கிட்ட ஊர்க்கதை பேசிக்கிட்டே போவாங்க. மூச்சு வாங்காம ஒரு முழு வாக்கியம் பேச முடியுற வேகம். ஸ்டீஃபன் சீலர்னு ஒரு விளையாட்டு விஞ்ஞானி உலகத்தரமான வீரர்களோட ட்ரெய்னிங் டைரிகளை ஆராய்ஞ்சு சொன்னதும் இதுதான்: அவங்க ட்ரெய்னிங்ல 80 சதவீதம் பக்கம் இப்படிப் பேசிக்கிட்டே போற வேகம், மிச்சம்தான் கடுமை. தோட்டத்துக்குப் போறவங்க எட்டரை மணிக்கெல்லாம் தூங்கிடுவாங்க என்பதையும் சேர்த்துக்குங்க. அந்தக் கடுமையான 20 சதவீதத்துக்கு எங்க ஊர்ல தனி ஏற்பாடே இருக்கு. கோம்பை நாய் ஒருதடவை துரத்தினா போதும், இன்டர்வெல் ட்ரெய்னிங் முடிஞ்சது.

ஆக, தாத்தாவைத்தான் உதாரணமா எடுக்கணும்னா முழுசா எடுங்க. அவரோட வேகம், அவரோட தூக்குவாளி, அவரோட தூக்கம். அதை விட்டுட்டு அவர் ஜெல் சாப்பிடல என்பதை மட்டும் எடுத்துக்கிட்டு, ரெண்டு மணி நேரத் தூக்கத்துல மலை ஏறினா அது தாத்தா வழி இல்லை. அதே சமயம், பழையதுல எல்லாம் இருக்குன்னு வாட்ஸ்அப்ல வர்ற ஃபார்வர்டையும் நம்பாதீங்க. கூழ்ல புரோட்டீன் குறைவு. பழைய சோத்துத் தண்ணியை வெச்சு 200 கிலோமீட்டர் போக முடியாது.

லீடர்போர்டுக்குப் பதிலா

"லீடர்போர்டு இல்லைன்னா யாரும் எந்திரிக்கவே மாட்டாங்க" என்பது எதிர்த்தரப்போட வலுவான வாதம். ஒத்துக்கிறேன். போட்டின்னா நமக்கு ரத்தம் சூடாகும். ரெண்டு வருஷம் முன்னாடி ஆறு பேரா இருந்த க்ளப் நாப்பது பேரானதுக்கு அந்தப் பட்டியலும் ஒரு காரணம். அதனால எதையும் எண்ணாதீங்கன்னு சொல்லல, வேற எதையாவது எண்ணலாம்னுதான் சொல்றேன்.

உலகத்தோட பழைய நெடுந்தூர சைக்கிள் நிகழ்ச்சிகள்ல ஒண்ணு பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ். 1891ல ரேஸாத்தான் ஆரம்பிச்சது. இன்னைக்கு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்குற 1200 கிலோமீட்டர் பயணம், 90 மணி நேரக் கெடு. கடைசியா நடந்தது 2023ல, அடுத்தது 2027ல. அதுக்குத் தகுதி பெற, நடக்குற வருஷத்துலயே 200, 300, 400, 600 கிலோமீட்டர் பிரெவேக்களை முடிக்கணும். நம்ம நாட்டுலயும் அந்த பிரெவேக்கள் நடக்குது. அதுல முதல் பரிசு கிடையாது. 200 கிலோமீட்டருக்கு பதிமூணரை மணி நேரம். எட்டு மணி நேரத்துல வந்தவரும் பதிமூணு மணி நேரத்துல வந்தவரும் அங்க ஒண்ணுதான். கணக்குப் போட்டுப் பாருங்க, மணிக்கு 15 கிலோமீட்டர் கூட வேணாம். சாப்பிட, உக்கார, டீ குடிக்க எல்லாத்துக்கும் நேரம் சேர்த்துத்தான் அந்தக் கெடு.

க்ளப்புக்கு நான் வெக்கிற யோசனைகள்:

ஒண்ணு, கிலோமீட்டர் பட்டியலை நிறுத்திட்டு, வாரத்துக்கு மூணு ரைடு வீதம் தொடர்ச்சியா எத்தனை வாரம் வந்தாங்கன்னு எண்ணலாம். இருபது கிலோமீட்டரும் ஒரு ரைடுதான்.

ரெண்டு, லாங் ரைடு கிளம்புறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் மூணு கேள்வி: எத்தனை மணி நேரம் தூங்கினீங்க, என்ன சாப்பிட்டீங்க, பாக்கெட்ல என்ன இருக்கு? அஞ்சு மணி நேரத்துக்குக் கீழ தூங்கினவங்க அன்னைக்கு மலை ஏற வேணாம். போடி வரைக்கும் வந்து திரும்பட்டும். இதை யாரும் கிண்டல் பண்ணக் கூடாது, சீனியர்கள் முதல்ல.

மூணு, முந்தல்ல நிக்கிறது போட்டோவுக்கு மட்டும் வேணாம், சாப்பிடவும் நிப்போம். க்ளப் காசுல ஒரு சீப்பு வாழைப்பழம். டி-ஷர்ட் அடிக்கிற செலவுல ஒரு வருஷத்துக்குப் பழம் வாங்கலாம்.

நாலு, செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின ரெண்டு வாரம் எந்த சேலஞ்சும் கிடையாது. பரீட்சை டென்ஷனும் உடம்புக்கு ஒரு லோடுதான்.

அஞ்சு, வருஷக் கடைசி இலக்கா ஒரு 200 பிரெவே. பத்துப் பேர் போனா பத்துப் பேரும் கெடுவுக்குள்ள முடிக்கணும், அதான் வெற்றி.

நான் இன்னும் ரெண்டு மாசத்துல காலேஜை விட்டுக் கிளம்பிடுவேன். அடுத்த கமிட்டி ஜூன்ல பொறுப்பு எடுக்கும். அந்த நேரத்துல தென்மேற்குக் காத்தும் ஆரம்பிச்சிருக்கும். நம்ம பள்ளத்தாக்குல காத்தாடிகள் நிக்கிற ரோட்டுல எதிர்காத்துல பத்து கிலோமீட்டர் மிதிச்சவங்களுக்குத் தெரியும், அந்த சீசன்ல கிலோமீட்டர் எண்றதுல அர்த்தமே இல்லைன்னு. பட்டியலை மாத்த அதைவிட நல்ல மாசம் கிடையாது. கமிட்டிக்கு வரப்போறவங்க இதை முதல் மீட்டிங்ல எடுத்துப் பேசுங்க. மறுப்பு இருந்தா அடுத்த இதழ்ல எழுதுங்க. ஆனா சாப்பிட்டுட்டு எழுதுங்க.